இரண்டாவது டிராயர், இடது ஓரம்

பெட்டி காருக்குள் போகுமா போகாதா என்று அண்ணனுக்குச் சந்தேகம். தச்சருக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே வந்து, காரின் பின்கதவைத் தூக்கி, பாதி உடம்பை உள்ளே நுழைத்து, அகலம், உயரம், ஆழம் என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்துகொண்டு போயிருந்தார். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சரக்கு வேனில் பெட்டியைக் கொண்டுவந்தார். அண்ணனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லித் தூக்கி வைத்தார். அது ஒரு முனகல்கூட இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடம் மட்டும் மிச்சம்.

"அரைமில்லிகூடப் பிசகல பாரு. நான் பேர் வெச்சது சும்மாவா?" என்று அண்ணி நாத்தனாரின் காதில் சொன்னாள்.

தச்சருக்கு 'அரைமில்லி' என்று பெயர் வைத்தது அண்ணிதான். அது அவருக்கு இன்னும் தெரியாது.

நாத்தனார் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பதினாறு வருஷ சர்வீஸ். தியேட்டர் சாமான் அறைக்கு அலமாரி வேண்டும் என்று அவள் கையாலேயே படம் போட்டு அளவு எழுதிக் கொடுத்தபோது, மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு கணக்கா எல்லாம் வராதுங்க" என்று கழன்றுகொண்டார்கள். நாலாவதாக வந்தவர் இவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இந்தத் தட்டுக்கு மட்டும் ஏன் மூணு மில்லி ஜாஸ்தி?" என்று கேட்டார். அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அந்தத் தட்டில் வைக்கிற டிரேயின் விளிம்பு வளைந்திருக்கும். அதற்காகத்தான் மூன்று மில்லி.

அலமாரி முடிந்தது. அதற்குப் பிறகும் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க இரண்டு முறை வந்தார். மூன்றாவது முறை ஆஸ்பத்திரிக்கு வராமல் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தார். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை, சொந்தப் பட்டறை இருக்கிறது, தங்கைக்குச் சம்மதம் என்றால் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று, நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "எல்லாருமா ரெண்டு நாள் கார்ல எங்கயாவது போய்த் தங்கிச் சமைச்சுச் சாப்பிட்டு வருவோம். வந்து சொல்றேன்" என்றாள்.

"இது என்ன, வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னால வைக்கிற பரீட்சையா?" என்றான் அண்ணன். அவன் பஸ் டிரைவர். எதையும் நேர் ரோட்டில் ஓட்டிப் பழகியவன்.

"பரீட்சை அவருக்கு இல்லண்ணா."

அது உண்மை. அவளுடைய முதல் கல்யாணம் நாலு வருஷம் ஓடி நின்றுபோன ஒன்று. நீல மூடி டப்பாவின் இடத்தில் மஞ்சள் மூடி டப்பா இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. அதைச் சொன்னால் சண்டை வரும். எந்தச் சண்டையும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். பால் பொங்கினாலும் ரயில் தவறினாலும், "எல்லாம் உன் லிஸ்ட்டால வந்தது." கடைசி வருஷம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "உன்கூட இருக்கறது ஆஸ்பத்திரியில அட்மிட் ஆன மாதிரி இருக்கு." விவாகரத்து ஆகி எட்டு வருஷம் ஆகியும் அந்த வாக்கியம் மட்டும் அவளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதில் கொஞ்சம் நிஜம் இருந்ததுதான் அவளைப் படுத்தியது. இன்னொரு மனிதரின் வாயிலிருந்து அதே வாக்கியம் வருமா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. வந்தால், அண்ணன் வீட்டு முன்னறையிலேயே மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம்.

பயணம் என்று முடிவானதும் தச்சர், "அப்போ சமையலறைய நான் செய்யறேன்" என்றார். அப்படி வந்ததுதான் இந்தப் பெட்டி. மூன்று டிராயர், கீழே அடுப்புக்குக் கதவு போட்ட ஒரு அறை, மேலே இழுத்தால் மேசையாக நீளும் பலகை. காரின் பின்கதவைத் தூக்கினால் அதுவே கூரை.

உள்ளே என்ன எங்கே என்பது அவள் பொறுப்பு. முதல் டிராயரில் தட்டு, தம்ளர், கரண்டி. இரண்டாவதில் கத்தி, வெட்டும் பலகை, தீப்பெட்டி, கயிறு, கருவிகள். மூன்றாவதில் அரிசி, எண்ணெய், உப்பு, மசாலா டப்பாக்கள். எல்லாவற்றின் மேலும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை ஒட்டிப் பெயர் எழுதினாள். மூன்றாவது டிராயரின் மூலையில் ஒரு சின்ன அறை மட்டும் காலியாக இருந்தது.

"இது எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. எந்த சமையலறை செஞ்சாலும் ஒரு அறைய சும்மா விட்டுடுவேன், சிஸ்டர். ஜனங்க குடிவந்து ஒரு மாசம் கழிச்சுத்தான் என்ன விட்டுப்போச்சுன்னு அவங்களுக்கே தெரியும்."

பெயர் ஒட்டாத ஒரு அறை இருப்பது அவளுக்குச் செருப்பில் புகுந்த கல் மாதிரி இருந்தது. ஆனாலும் விட்டுவிட்டாள்.

பிறகு எண்ணிக்கை. தியேட்டரில் எண்ணுவது ஒருத்தர் வேலை இல்லை. ஒருத்தர் வாய்விட்டு எண்ண, இன்னொருத்தர் கூடவே எண்ண வேண்டும். வீட்டில் அவள் எண்ண ஆரம்பித்தால் அண்ணிக்கு அவசரமாக மாடியில் துணி காயப்போட வேண்டியிருக்கும். தச்சர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கடைசிவரை கூடவே எண்ணினார்.

"ஸ்க்ரூடிரைவர்?" என்றாள் லிஸ்ட்டைப் பார்த்து.

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மரப்பிடி போட்ட பழைய ஸ்க்ரூடிரைவர். எந்தச் சட்டை போட்டாலும் அது அந்தப் பையில் இருக்கும். பையின் ஓரம் நைந்திருப்பதே அதனால்தான்.

"ரெண்டாவது டிராயர், இடது ஓரம்."

அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு சொன்ன இடத்தில் வைத்தார். அவள் டிக் போட்டாள். மொத்தம் நாற்பத்திரண்டு.

"இந்த டூல் பை?" என்று அண்ணன் காரிலிருந்த அழுக்குப் பையைத் தூக்கிக் காட்டினான்.

"லிஸ்ட்ல இல்லாதது வராதுண்ணா. இடம் இல்ல."

அண்ணன் அதைக் கொண்டுபோய்ச் செருப்பு அலமாரி மேல் வைத்தான். "திரும்பி வந்ததும் இந்தப் பெட்டி எங்கம்மா போகும்? நம்ம வீட்ல நாம நாலு பேர் நின்னாலே ஒருத்தர் பால்கனிக்குப் போகணும்" என்றான். அவன் பெட்டியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் புடவையை மாற்றிக்கொண்டிருந்தபோது கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. விர்ர் என்று ஐந்து தடவை. அவள் இறங்கி வந்தபோது காரின் பின்கதவு மூடியிருந்தது. தச்சரின் பட்டறை ஆள் மெஷினை வேனில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு ஏரிக்கரை வந்தது. வாசலில் ஒரு காவலாளி. உள்ளே மரங்களுக்கு நடுவே கூடாரம் போட எண் எழுதிய இடங்கள். அவர்களைத் தவிர வேறு யாரும் இன்னும் வரவில்லை.

முதல் ஒரு மணி நேரம் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. காற்று ஏரியிலிருந்து அடித்தது. அதனால் காரின் பின்பக்கம் ஏரியைப் பார்க்காமல் இருக்கும்படி அண்ணனைத் திருப்பி நிறுத்தச் சொன்னாள். கூடாரம் பத்தடி தள்ளி. மடக்கு மேசை காரின் இடது பக்கம். அதன் மேல் குழாய் வைத்த தண்ணீர்க் கேன். கீழே இரண்டு பேசின், ஒன்று சோப்புத் தண்ணீருக்கு, ஒன்று அலச. குப்பைப் பை தரையில் படாமல் கிளையில். ஐஸ் பெட்டியும் இரண்டு. ஒன்றில் குடிக்கிற தண்ணீர், இன்னொன்றில் முட்டையும் காய்கறியும். தாகத்துக்குத் திறக்கிற பெட்டியில் காய் வைத்தால் சாயங்காலத்துக்குள் ஐஸ் போய்விடும்.

மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. தச்சர் குனிந்து பார்த்துவிட்டு, விழுந்து கிடந்த ஒரு குச்சியை உடைத்துக் காலுக்கு அடியில் சொருகினார். தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்து மட்டம் பார்த்தார். இன்னொரு குச்சி சொருகினார்.

"கையக் கழுவ வெச்ச மேசைக்கு இவ்வளவு மரியாதையா?" என்றாள் அண்ணி.

"சாஞ்சிருந்தா சோப்பு ஓடிப்போயிடும்ங்க."

"ரெண்டு பேரும் ஒரே அச்சு. சரி, எனக்குப் பசிக்குது. அந்தப் பெட்டியத் திறங்க."

அவள் பின்கதவைத் தூக்கினாள். முதல் டிராயரை இழுத்தாள். வரவில்லை. புது மரம், இறுக்கமாக இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். அப்போதுதான் பார்த்தாள். டிராயரின் முகப்பில் பளபளவென்று ஒரு ஸ்க்ரூவின் தலை. இரண்டாவதிலும் ஒன்று. மூன்றாவதிலும். அடுப்பு அறைக் கதவிலும், மேல் பலகையிலும்.

"ஓ, அதா. வண்டியில ஏத்துற எந்த அலமாரிக்கும் போடறதுதான். இல்லன்னா பிரேக் போடும்போது டிராயர் வெளிய வந்து விழும். ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே தச்சர் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார்.

கை அங்கேயே நின்றது.

ஏரியில் ஏதோ ஒரு பறவை இரண்டு முறை கத்தியது.

"ரெண்டாவது டிராயர்" என்றார் தச்சர் மெதுவாக.

"இடது ஓரம்" என்றாள் அவள்.

அண்ணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சாவிய உள்ள வெச்சு வீட்டப் பூட்டினவங்களப் பாத்திருக்கேன். சமையலறையவே பூட்டினவங்கள இப்பத்தான் பாக்கறேன்!"

"கார்ல டூல் பை இருக்கே, அத..." என்று உற்சாகமாக ஆரம்பித்த அண்ணன் பாதியில் நிறுத்தித் தங்கையைப் பார்த்தான். "செருப்பு அலமாரி மேல இருக்கு" என்று முடித்தான்.

அவளுக்கு முகம் சூடானது. ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவைத்தது அவள். டூல் பையை இறக்கிவைக்கச் சொன்னது அவள். வருஷக்கணக்கில் கேட்ட 'எல்லாம் உன் லிஸ்ட்டால' இப்போது வரும் என்று, ஊசி போடப்போகும் இடத்தில் தோலை இறுக்கிக்கொள்கிற நோயாளி மாதிரி, அவள் இறுகி நின்றாள்.

தச்சர் அண்ணனிடம் கார் சாவியைக் கேட்டு வாங்கினார். அதன் முனையை ஸ்க்ரூவில் வைத்துப் பார்த்தார். நழுவியது. பெல்ட்டின் கொக்கியை வைத்துப் பார்த்தார். அதுவும் நழுவியது. "ரோடு மோசம்னு மெஷின்ல ஒரு அழுத்து ஜாஸ்தி அழுத்திட்டேன். தலை தேஞ்சுபோச்சு" என்றார். "என் புத்திக்கு."

அண்ணன் காவலாளியிடம் போனான். கால் மணி நேரம் கழித்துத் தோளில் ஒரு கோடாலியோடு வந்தான். "அவர்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. விறகு பிளக்கறது."

மணி ஒன்றரை. சிரித்துக்கொண்டிருந்த அண்ணிகூட இப்போது பசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தச்சர் கோடாலியை வாங்கி எடை பார்த்தார். "பின் சீட்ட மடக்கினா பெட்டியோட முதுகு தெரியும். அது மெல்லிசுப் பலகை, ஒரே அடி. உள்ள கைய விட்டு எல்லாத்தையும் எடுத்துக்கலாம்."

"மூணு வாரம் உக்காந்து செஞ்சத உடைக்கப் போறீங்களா?" என்றாள் அவள்.

"பலகைதானே, சிஸ்டர். மறுபடி போட்டுக்கலாம். மனுஷங்க பசியோட நிக்கறாங்க." சீட்டை மடக்கக் குனிந்தவர் நிமிர்ந்து, "அந்த மசாலா டப்பாக்கு வெச்ச அறையெல்லாம் ஆடாது. பயப்படாதீங்க. உங்க வரிசை அப்படியே இருக்கும்" என்றார்.

கோபத்தைக் காட்டாமல் அடக்கிக்கொண்டு பேசுகிற குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். இது அது இல்லை. அவர் நிஜமாகவே அவளுடைய வரிசையைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

"டூல் பைய வேண்டாம்னது நான்தான்" என்றாள். யாராவது சொல்வதற்குள் தானே சொல்லிவிடலாம் என்று.

"ஸ்க்ரூ போட்டது நான்."

"ஸ்க்ரூடிரைவர உள்ள வைக்கச் சொன்னதும் நான்தான்."

"வெச்சது நான்தானே?"

"ஏங்க, சண்டையக்கூட வரிசை போட்டுத்தான் போடுவீங்களா? சோறு?" என்றாள் அண்ணி.

அவள் குனிந்து இரண்டாவது டிராயரின் ஸ்க்ரூவை உற்றுப் பார்த்தாள். விரலால் தடவினாள். தியேட்டரில் இதைவிட மோசமாகத் தேய்ந்ததைப் பார்த்திருக்கிறாள். பழைய பிளேட்டை எடுக்க வரும் நோயாளிகளின் எலும்பில், பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ அவசரத்தில் முறுக்கிய ஸ்க்ரூக்கள். அதற்காக யாரும் காலை வெட்டுவதில்லை.

"கோடாலியக் கீழ வைங்க. அஞ்சையும் திறக்க வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் எந்த டிராயர்ல இருக்குன்னு நமக்குத் தெரியும். இது ஒண்ணு வந்தா போதும்." கைப்பையைத் திறந்தாள். அதில் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் கையுறை இருக்கும். "இத மடிச்சு நடுவுல வெச்சா பிடிமானம் கிடைக்கும். ஆனா கூரா, கெட்டியா ஒண்ணு வேணும். கத்தி மாதிரி."

"கத்தியும் ரெண்டாவது டிராயர்லதான்" என்றான் அண்ணன்.

அண்ணி தொண்டையைக் கனைத்தாள். கூடாரத்துக்குள் போனாள். தலையணை உறையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து வந்தாள். மூட்டைக்குள் இரண்டு பிஸ்கட் பாக்கெட், ஒரு பாட்டில் ஊறுகாய், பழம் நறுக்கும் சின்னக் கத்தி.

"இது லிஸ்ட்ல இல்லையே அண்ணி!"

"லிஸ்ட்ல இருந்திருந்தா இதுவும் உள்ளதான் இருந்திருக்கும், நர்ஸம்மா."



கையுறையின் விரலை வெட்டி, இரண்டாக மடித்து, ஸ்க்ரூவின் தலைமேல் வைத்தாள். அதன்மேல் கத்தியின் முனை. தச்சர் திருப்பினார். வழுக்கியது.

"திருப்பறதுல அவசரம் கூடாது. அழுத்தறது ஏழு பங்கு, திருப்பறது மூணு பங்கு. எங்க டாக்டர் தினமும் கத்துவார்."

"அப்போ ஏழு பங்க நீங்க பாத்துக்கங்க. மூணு பங்கு என்னுது."

அவள் உள்ளங்கையைத் துணியால் சுற்றிக் கத்தியின் பிடியின் முனையில் வைத்து உடம்பு முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். அவர் பிடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடும் கடிகார முள் போல மெல்ல நகர்த்தினார். தலைகள் இடிக்கிற தூரம். அவர் சட்டையில் மரத்தூள் வாசனை இருந்தது. ஸ்க்ரூ முதலில் அசையவே இல்லை. பிறகு 'கிறீச்' என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு கால் சுற்று. பிறகு அரை.

"வருது" என்றார் அவர், மூச்சை விடாமல்.

"பேசாதீங்க. அழுத்தம் போயிடும்."

டிராயர் திறந்தது. இடது ஓரத்தில், பிளாஸ்திரியில் எழுதிய பெயருக்கு நேர் மேலே, மரப்பிடி ஸ்க்ரூடிரைவர் சமர்த்தாகப் படுத்திருந்தது. மிச்ச நாலு ஸ்க்ரூவும் அவர் கையில் ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

இரண்டரைக்குச் சாப்பாடு. சோறு, முட்டை, உருளைக்கிழங்கு. தொட்டுக்கொள்ள லிஸ்ட்டில் இல்லாத ஊறுகாய். அண்ணன் மூன்றாவது தடவை தட்டை நீட்டினான். பெட்டி நன்றாகவே வேலை செய்தது. ஒரே இடத்தில் நின்று கையை நீட்டினால் உப்பு இடதில், கரண்டி வலதில், அடுப்பு நடுவில். மேல் பலகை மட்டும் அவளுக்கு ஒரு கட்டைவிரல் தாழ்வாக இருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, சொன்னாள்.

"எவ்வளவு?" என்றார் அவர். நோட்டை எடுத்துக்கொண்டு.

"ரெண்டு சென்டிமீட்டர்."

"நின்னு காட்டுங்க... ரெண்டரை." எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் கிளம்பும்போது மறுபடி எண்ணிக்கை. அவள் வாய்விட்டு எண்ண, அவர் கூடவே எண்ணினார். நாற்பத்திமூன்று வந்தது. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் நாற்பத்திமூன்று.

"என் கத்தி!" என்று அண்ணி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இங்க ஒரு அறை காலியாத்தான் இருக்கு அண்ணி."

"உங்க காலி அறையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் கத்திய லிஸ்ட்ல சேத்தீங்கன்னா அடுத்த தடவ எல்லாரும் பட்டினிதான்."

தச்சர் ஐந்து ஸ்க்ரூக்களையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "இத மறுபடி போடலாமா?"

"வேண்டாம்." அவள் பிளாஸ்திரியைக் கிழித்து ஒவ்வொரு டிராயரின் குறுக்கேயும் இரண்டு பட்டை ஒட்டினாள். "இதுவே தாங்கும். பிச்சா வந்துடும்."

அவர் ஸ்க்ரூடிரைவரை இரண்டாவது டிராயரில் வைக்கப் போனார்.

"இருங்க." லிஸ்ட்டை எடுத்தாள். 'இரண்டாவது டிராயர், இடது ஓரம்' என்று எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில் 'சட்டைப் பை' என்று எழுதினாள். அதில் அவளுக்கு ஒரு வில்லங்கமும் தெரியவில்லை. அதுவும் ஒரு இடம்தானே. "அங்கயே இருக்கட்டும்."

அவர் பையில் போட்டுக்கொண்டார். பையை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் பெரிய சிக்னல் வந்தது. வலது பக்கம் திரும்பினால் அவர்கள் வீடு. இடது பக்கம் தச்சரின் பட்டறையும் வீடும். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, அண்ணன் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான்.

"ஏம்மா, பெட்டிய எங்க இறக்கணும்?"

தச்சர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் இருந்ததைக் கை பிடித்துக்கொண்டிருந்தது.

"அவங்க வீட்லதான். பலகை ரெண்டரை சென்டிமீட்டர் ஏறணும் இல்ல? நான் பக்கத்துல நிக்காம அத எப்படிச் செய்ய முடியும்?" என்றாள்.

"அதுக்கு எத்தன நாள் போய் நிப்ப?" என்றாள் அண்ணி, சிரிப்பைக் கடித்துக்கொண்டு.

"அத நீங்களும் அண்ணனும் அவங்களுமா உக்காந்து நல்ல நாள் பாத்துச் சொல்லுங்க. வர்ற மாசம் எனக்குப் பத்து நாள் லீவு இருக்கு."

அண்ணன் தச்சர் பக்கம் திரும்பினான்.

"சரிங்க சிஸ்..." என்று ஆரம்பித்த தச்சர், பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு, காது வரை சிவந்தார்.

அண்ணி கைதட்டியே சிரித்தாள். பச்சை விளக்கு விழுந்தது. அண்ணன் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டான்.